கருப்பைக்குள் ரத்தக்கட்டு: கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ரத்தப்போக்கு

கருவைச் சூழ்ந்திருக்கும் வெளிச்சவ்வின் பெயர் கோரியான். இந்தச் சவ்வுக்கும் கருப்பையின் உட்சுவருக்கும் இடையில் ரத்தம் கசிந்து தேங்குவதை மருத்துவர்கள் சப்கோரியானிக் ஹெமடோமா என்கிறார்கள். "உள்ளே கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கிறது" என்று ஸ்கேன் அறையில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதைத்தான்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய நான்கு பெண்களில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தம் படுகிறது. அப்படி வருபவர்களை ஸ்கேன் செய்யும்போது மிக அதிகமாகத் தென்படும் மாற்றம் இந்த ரத்தக்கட்டுதான். மொத்தத்தில் எத்தனை கர்ப்பங்களில் இது உண்டாகிறது என்பதற்கு ஆய்வுகள் தரும் எண்கள் வெகுவாக வேறுபடுகின்றன. ரத்தப்போக்குடன் வந்தவர்களை மட்டும் கணக்கிட்டால் விகிதம் கூடுகிறது. எல்லாக் கர்ப்பிணிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் குறைகிறது. சோதனைக் குழாய் முறையில் கருத்தரித்தவர்களிடம் இது சற்று அதிகமாகக் காணப்படுகிறது. அவர்களுக்குத் தொடக்க வாரங்களிலேயே பலமுறை ஸ்கேன் எடுக்கப்படுவதும் இதற்கு ஒரு காரணம்.

ரத்தக்கட்டு உருவாகும் விதம்

கருத்தரித்து ஒரு வாரம் ஆகும்போது கரு, கருப்பையின் தடித்த உள்வரிச் சவ்வுக்குள் புதைந்து பதிகிறது. கருவின் வெளிப்புறச் செல்கள் அந்தச் சவ்வை அரித்து உள்ளே செல்கின்றன. தாயின் சிறு ரத்தக்குழாய்களின் சுவரையும் ஊடுருவுகின்றன. தொடக்க வாரங்களில் இதே செல்கள் திரண்டு, அந்தக் குழாய்களின் வாயை அடைத்தும் வைக்கின்றன. இதனால் முதல் சில வாரங்களுக்குத் தாயின் ரத்தம் நேரடியாகப் பாய்வதில்லை. கரு குறைந்த ஆக்சிஜனில் வளர்கிறது.

8 முதல் 12 வாரங்களுக்குள் இந்த அடைப்புகள் தளர்கின்றன. முதலில் விளிம்புப் பகுதியில் ரத்தம் பாயத் தொடங்கிப் பிறகு நடுப்பகுதிக்குப் பரவுகிறது. கோரியானின் மேற்பரப்பெங்கும் விரல் விரலாக நீண்டிருந்த தளிர்கள் ஒரு புறத்தில் சுருங்கி மறைய, அந்தப் பகுதி வழவழப்பான சவ்வாகிறது. மறுபுறத்தில் அவை அடர்ந்து கிளைத்து நஞ்சுக்கொடியாகின்றன. பெரிய கட்டுமான வேலை நடக்கும் காலம் இது. சவ்வு இன்னும் கருப்பைச் சுவருடன் முழுமையாக ஒட்டியிருக்காது. விளிம்பில் ஓரிடத்தில் சவ்வு உரிந்து ஒரு சிறு ரத்தக்குழாய் கிழிந்தால், வெளிவரும் ரத்தம் அந்த இடுக்கில் தேங்குகிறது.

தேங்கிய ரத்தத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. சவ்வுக்கும் சுவருக்கும் இடையே கீழிறங்கிக் கருப்பை வாயை அடைந்தால் ரத்தப்போக்காக வெளிவரும். வழி கிடைக்காவிட்டால் அங்கேயே உறைந்து, சில வாரங்களில் உடலால் உறிஞ்சப்படும். ஒரு சொட்டு ரத்தம்கூடப் படாத பெண்ணின் ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரிவதும், நிறைய ரத்தம் போன பெண்ணின் ஸ்கேனில் எதுவும் தெரியாமல் போவதும் இதனால்தான். கசிவது பெரும்பாலும் தாயின் ரத்தம். குழந்தையின் ரத்தம் அல்ல.

இந்தக் கசிவுக்குக் குறிப்பிட்ட காரணம் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. கருப்பையின் பிறவி அமைப்பு மாறுபாடு, அடிக்கடி கருச்சிதைவு ஏற்பட்ட வரலாறு, ரத்த உறைதல் தொடர்பான கோளாறுகள் ஆகியவற்றுடன் இதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று கருதப்படுகிறது. மாடிப்படி ஏறியது, பஸ்ஸில் போனது, தண்ணீர்க் குடம் தூக்கியது, கோபப்பட்டது, அழுதது போன்றவை ரத்தக்கட்டை உண்டாக்கியதற்குச் சான்று இல்லை. பழுத்த பப்பாளி ஒரு துண்டு தின்றதும் அப்படியே. பப்பாளிக் காயின் பால் எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்வதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளதால், காயைத் தவிர்ப்பது நல்லது. பழத்துக்கு அந்தப் பழி பொருந்தாது.

முதலில் உறுதிசெய்ய வேண்டியவை

ரத்தம் பட்டதும் அது ரத்தக்கட்டுதான் என்று யாரும் வீட்டிலிருந்தே முடிவு செய்ய இயலாது. அதே அறிகுறியுடன் வேறு பல நிலைகளும் வருகின்றன. அவற்றில் உயிருக்கு ஆபத்தானது கருக்குழாய்க் கர்ப்பம். கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் பதிந்து வளர்வதால் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டக்கூடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டையில் வலி, மயக்கம் ஆகியவை இதன் எச்சரிக்கைகள். முத்துப்பிள்ளை கர்ப்பம், தொடங்கிவிட்ட கருச்சிதைவு, கருப்பை வாயில் தோன்றும் சிறு சதை வளர்ச்சி, தொற்று ஆகியவையும் ரத்தப்போக்கை உண்டாக்கும்.

ஆகவே முதல் முறை ரத்தம் படும்போது, அளவு குறைவாக இருந்தாலும், மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துக்கொள்வது அவசியம். கரு கருப்பைக்குள் இருக்கிறதா, இதயத்துடிப்பு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கேதான் விடை கிடைக்கும். ரத்த வகையும் ஹீமோகுளோபின் அளவும் அன்றே பார்க்கப்பட வேண்டியவை.

ஸ்கேன் அறிக்கையைப் படித்தல்

கருப்பையை ஒலி அலைகளால் பார்க்கும் முறை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவருடைய சகாக்களும் 1958இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையுடன் மருத்துவத்தில் வேரூன்றியது. அதற்கு முன் இத்தகைய ரத்தக்கட்டைக் கர்ப்பம் நடக்கும்போதே பார்க்க வழியில்லை. இன்று பிறப்புறுப்பு வழியாகச் செய்யப்படும் ஸ்கேனில் ஆறு, ஏழு வாரக் கருவின் இதயத்துடிப்பே தெரிந்துவிடுகிறது. இந்த ஸ்கேன் ரத்தக்கட்டைக் கலைத்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது.

எட்டு வாரக் கர்ப்பத்தின் அறிக்கை ஒன்று இப்படி இருக்கலாம்: கருப்பைக்குள் ஒற்றைக் கரு, தலை முதல் பிட்டம் வரையான நீளம் 16 மி.மீ.; இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 160; கருப்பையின் அடிப்பகுதியை ஒட்டி 30 × 20 × 8 மி.மீ. அளவில் ரத்தத் தேக்கம். பலரின் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகிறது. கர்ப்பத்தின் நிலையைத் தீர்மானிப்பவை முதல் மூன்று வரிகள். கரு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, வாரத்துக்கு ஏற்ற நீளம் இருக்கிறது, இதயம் துடிக்கிறது என்பதே அவற்றின் பொருள்.

கடைசி வரியிலுள்ள மூன்று அளவுகளையும் சென்டிமீட்டரில் பெருக்கி, அதை 0.52ஆல் பெருக்கினால் தேக்கத்தின் கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும். 3 × 2 × 0.8 × 0.52 என்பது சுமார் 2.5 மி.லி.; அரை டீஸ்பூன். மூன்று சென்டிமீட்டர் என்று கேட்கும்போது மனதில் எழும் உருவம் இதைவிடப் பெரியது.

ரத்தக்கட்டின் அளவைக் கரு தங்கியுள்ள நீர்ப்பையோடு ஒப்பிட்டும் சொல்வதுண்டு. நீர்ப்பையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் சிறியது, 20 முதல் 50 சதவீதம் வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்பது பரவலான வகைப்பாடு. எல்லா மருத்துவமனைகளும் ஒரே முறையில் அளப்பதில்லை. எனவே ஓரிடத்தில் எடுத்த அளவை வேறோரிடத்தில் எடுத்ததோடு மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பயனில்லை. புதிய ரத்தம் ஸ்கேனில் சுற்றியுள்ள திசுவைப் போலவே வெளிறித் தெரியும். நாளாக ஆகக் கறுத்துத் தெளிவாகும். முதல் ஸ்கேனில் தெரியாதது அடுத்ததில் தெரிந்தால், அது புதிதாகக் கசிந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கர்ப்பத்தின் போக்கு

2011இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, அதுவரை நடந்த ஏழு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ரத்தக்கட்டு இல்லாத பெண்களில் 8.9 சதவீதத்தினருக்கும் ரத்தக்கட்டு இருந்தவர்களில் 17.6 சதவீதத்தினருக்கும் கருச்சிதைவு ஏற்பட்டிருந்தது. ஆபத்து இரட்டிப்பு என்று இதைச் சொல்லலாம். அதே எண்ணைத் திருப்பிப் படித்தால், ரத்தக்கட்டு இருந்த 100 பேரில் 82 பேருக்குக் கரு தங்கியது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடும் நிலை 0.7 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாகவும், குறைப்பிரசவம் 10.1 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாகவும் கூடியிருந்தன.

2019இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வு, ஒற்றைக் கரு சுமந்த 2,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கணக்கில் எடுத்தது. முதல் மூன்று மாதங்களில் ரத்தக்கட்டு இருந்ததற்கும் 20 வாரங்களுக்குப் பிறகு வரும் சிக்கல்களுக்கும், மற்றக் காரணிகளைக் கழித்துப் பார்த்தபோது, தொடர்பு தெரியவில்லை. ஆய்வு முடிவுகள் இப்படி மாறுபட்டாலும் சில அம்சங்களில் ஒற்றுமை உண்டு. சிறிய கட்டைவிடப் பெரிய கட்டு கூடுதல் கவனத்துக்குரியது. விளிம்பில் இருப்பதைவிட நஞ்சுக்கொடிக்கு நேர் பின்னால் இருப்பது கவலை தருவது. மிகத் தொடக்க வாரங்களில் தோன்றுவதும், வாரக்கணக்கில் நின்று பெரிதாகிக்கொண்டே போவதும் அப்படியே.

கருச்சிதைவு நேர்ந்த இடத்திலும் ரத்தக்கட்டே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதல் மூன்று மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் பாதிக்கும் மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் ஏற்படுபவை. வளராத கரு பிரியத் தொடங்கும்போதும் ரத்தம் தேங்கும். அங்கே ரத்தக்கட்டு ஒரு விளைவு மட்டுமே.

பெரும்பாலான ரத்தக்கட்டுகள் கர்ப்பத்தின் நடுப்பகுதிக்குள் கரைந்துவிடுகின்றன. கரையும் காலத்தில் பழைய ரத்தம் பழுப்பாகவோ, காபிப் பொடி நிறத்திலோ நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் கசிவதுண்டு. பழுப்பு நிறம் பழைய ரத்தத்தைக் காட்டுகிறது. பளிச்சென்ற சிவப்பு புதிய கசிவைக் காட்டுகிறது. நின்றுபோன ரத்தம் இரண்டு வாரம் கழித்துத் திடீரென ஒருமுறை கொட்டி, மறுபடியும் நிற்பதும் இந்நிலையில் நேர்வதே. அப்போது மீண்டும் ஸ்கேன் எடுத்துத் துடிப்பை உறுதிசெய்வார்கள்.

மருந்துகளும் படுக்கை ஓய்வும்

கட்டிய ரத்தத்தைக் கரைக்கவோ உறிஞ்சி எடுக்கவோ சிகிச்சை கிடையாது. அதைக் கரைப்பது உடலின் வேலை. மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளில் முதன்மையானது புரோஜெஸ்டிரோன். கருப்பையின் உள்வரிச் சவ்வைத் தாங்கி நிற்கும் ஹார்மோன் இது. பிரிட்டனின் 48 மருத்துவமனைகளில், தொடக்கக் கர்ப்பத்தில் ரத்தம் பட்ட 4,153 பெண்களிடம் நடத்தப்பட்ட பிரிசம் ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 72 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கருச்சிதைவுகளைக் கண்ட பெண்களிடம் இந்த எண்கள் 72, 57 என்று விலகி நின்றன. இதன் அடிப்படையில், முன்பு கருச்சிதைவு ஏற்பட்டு, இப்போது ரத்தம் படும் பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் தரலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது. முதல் கர்ப்பத்தில் ரத்தக்கட்டு கண்ட பெண்ணுக்கு மருத்துவர் இந்த மருந்தை எழுதாமல் விட்டால், அது கவனக்குறைவு ஆகாது.

படுக்கை ஓய்வின் கதை வேறு. காலை ஊன்றாமல் படுத்தே இருக்க வேண்டும் என்ற அறிவுரை தலைமுறை தலைமுறையாகத் தரப்படுகிறது. 2005இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இதைச் சோதிக்க முனைந்தபோது, நம்பத்தக்க முறையில் நடந்த ஆய்வுகள் இரண்டுதான் கிடைத்தன. அவற்றில் இருந்தவர்கள் 84 பெண்கள். படுக்கை ஓய்வு கருச்சிதைவைத் தடுக்கிறது என்பதற்கு அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. மறுபக்கம், கர்ப்பத்தில் காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து இயல்பைவிட நான்கைந்து மடங்கு அதிகம். அசையாமல் கிடப்பது அதை மேலும் கூட்டும். தசை தளர்வு, மலச்சிக்கல், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இன்றைய பொதுவான அணுகுமுறை இதுதான்: ரத்தம் சிவப்பாகப் படும் நாள்களில் பளுதூக்குதல், கடும் உடற்பயிற்சி, தாம்பத்திய உறவு ஆகியவற்றைத் தவிர்த்தல், சமைப்பது, நடப்பது, உட்கார்ந்து செய்யும் அலுவலக வேலை போன்றவற்றை உடல் அனுமதிக்கும் அளவில் தொடர்தல். கழிவறைக்கு எழுந்து போவதால் கரு விழுந்துவிடாது.

ஆஸ்பிரின், ஹெப்பரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளை ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் பெண்கள், ரத்தம் பட்டதும் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்துவதா தொடர்வதா என்பதை, அவை எதற்காகத் தரப்பட்டன என்பதைப் பொறுத்து அவரே முடிவு செய்வார். வயிற்று வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு டைக்ளோபெனாக், இபுபுரூபன் வாங்கிப் போடக் கூடாது. பாரசிட்டமால் பாதுகாப்பானது, அதையும் கேட்டுக்கொண்டு போடுவது நல்லது.

ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் ஆன பெண்களுக்குத் தனிக் கவனம் தேவை. பாசிட்டிவ் வகைக் கருவின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலந்தால், அடுத்த கர்ப்பங்களைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் உருவாகலாம். அதைத் தடுப்பது ஆன்டி-டி ஊசி. 12 வாரங்களுக்குப் பிறகு ரத்தம் பட்டால் 72 மணி நேரத்துக்குள் இந்த ஊசி போடப்பட வேண்டும். அதற்கு முந்தைய கசிவுக்குத் தேவையா என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டுதல் மாறுவதால், அங்கே மருத்துவரின் முடிவே வழி.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ரத்தம் படும் நாள்களில் ஒரு சிறு குறிப்பேடு பெரிய உதவி. தேதி, நிறம், எத்தனை நாப்கின் மாற்றப்பட்டது, ஒவ்வொன்றும் எவ்வளவு நனைந்தது, கட்டி விழுந்ததா, வலி இருந்ததா என்ற ஆறே குறிப்புகள் போதும். "நிறையப் போச்சு" என்ற சொல்லைவிட "காலையிலிருந்து இரண்டு நாப்கின், பாதி நனைந்தது, பழுப்பு நிறம்" என்பது மருத்துவருக்குத் தெளிவாகப் புரியும். உள்ளே வைக்கும் டாம்பன், மாதவிடாய்க் கப் ஆகியவற்றை இந்நாள்களில் பயன்படுத்தக் கூடாது. அவை தொற்றுக்கு வழி விடும். எவ்வளவு ரத்தம் போகிறது என்பதையும் மறைத்துவிடும்.

புரோஜெஸ்டிரோனும் இரும்புச்சத்து மாத்திரையும் மலச்சிக்கலை உண்டாக்குபவை. முக்குவதைத் தவிர்க்க நீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா போன்றவை உணவில் இடம்பெறலாம். தொடர்ந்து ரத்தம் போனால் சோகை வரும். இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினர் ஏற்கெனவே சோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருக்கும் பெண்ணுக்குச் சிறு கசிவும் சுமைதான். ஆகவே அந்த அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழ்க்கண்டவற்றில் எது நேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது:

• ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுவதும் நனைவது, தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தல்
• பெரிய ரத்தக்கட்டிகளோ சதைத் துணுக்குகளோ வெளிவருதல்
• கடுமையான அடிவயிற்று வலி, ஒரு பக்க வலி, தோள்பட்டை வலி
• மயக்கம், கண் இருட்டுதல், வியர்த்துக் கொட்டுதல், படபடப்பு
• காய்ச்சல், குளிர்நடுக்கம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல்
• தண்ணீர் போலத் திடீரெனக் கசிதல்

இந்நிலையில் இந்தியாவில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் கிடைக்கும். வெளிவந்த திசுவைச் சுத்தமான டப்பாவில் எடுத்துச் செல்வது நோயறிதலுக்கு உதவும்.

மனமும் குடும்பமும்

ரத்தம் நிற்பதற்கு முன் கழியும் வாரங்கள் பெண்ணுக்கு மனத்தளவில் கடினமானவை. ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் துணியைப் பார்க்கும் பயம், அடுத்த ஸ்கேன் வரை நாளை எண்ணும் பதற்றம், தூங்கவிடாத யோசனை ஆகியவை பொதுவானவை. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனநல உதவி கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பாகக் கிடைக்கும்.

குடும்பத்தில் எழும் கேள்விகள் பல வேளைகளில் இந்தச் சுமையைக் கூட்டுகின்றன. "என்ன சாப்பிட்டாய்?", "எங்கே போனாய்?" என்ற விசாரணை, அவளால்தான் இது நேர்ந்தது என்ற முடிவோடு தொடங்குகிறது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரோ தாயோ மாமியாரோ உடன் சென்று, விளக்கத்தை நேரடியாகக் கேட்பது இந்த விசாரணைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் எளிய வழி. துணி துவைப்பது, கனமான பாத்திரம் தூக்குவது, மூத்த குழந்தையைத் தூக்கிச் சுமப்பது ஆகிய வேலைகளை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வதே குடும்பம் செய்யக்கூடிய உண்மையான உதவி.

மீதமுள்ள மாதங்கள்

ரத்தம் நின்று, இதயத்துடிப்பு சீராக இருந்தால் அடுத்த பரிசோதனைகள் வழக்கம்போலவே நடக்கும். 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனிலும், 18 முதல் 20 வாரங்களில் உறுப்புகளைப் பார்க்க எடுக்கும் ஸ்கேனிலும் ரத்தக்கட்டு கரைந்துவிட்டதா, நஞ்சுக்கொடி எங்கே அமைந்துள்ளது என்பவை பார்க்கப்படும். கட்டு பெரிதாக இருந்தவர்களுக்கும், நடு மாதங்கள் வரை ரத்தம் பட்டவர்களுக்கும் குழந்தையின் வளர்ச்சியையும் பனிக்குட நீரின் அளவையும் பார்க்கக் கூடுதல் ஸ்கேன் தேவைப்படலாம். 20 வாரங்களுக்குப் பிறகு படும் ரத்தத்தைப் பழைய கட்டின் மிச்சம் என்று எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது. நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பதோ முன்கூட்டியே பிரிவதோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ரத்தக்கட்டு இருந்தது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்யப்படுவதில்லை. கரைந்துபோன கட்டு பிரசவ முறையை மாற்றுவதில்லை. அடுத்த முறை கருத்தரிக்கும்போது இந்தக் கர்ப்பத்தின் ஸ்கேன் அறிக்கைகளை முதல் பரிசோதனைக்கே எடுத்துச் செல்ல வேண்டும். ரத்த வகை எழுதிய அட்டையும் அவற்றோடு இருக்கட்டும்.